டாலாவில் பாம்பு கடித்தவள்

லூக்கா, டஸ்கனி
மே 12

யாங்கோன் நகரின் புகழ்பெற்ற சுற்றுலா வழிகாட்டி மாரிச்சாமி அவர்களுக்கு,

உங்கள் காலஞ்சென்ற மனைவி விஜயகுமாரி எழுதிக்கொள்வது. நான் நலமாகவே இருக்கிறேன். காலையில் ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்டேன். இந்த ஊர் ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள் என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நான் குரலை உயர்த்தினால் "லைன் சரியில்லை, கரண்ட் போகப்போகுது" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் தாளில் எழுதி, பாங்காக் வழியாக வரும் ஒரு பயணியிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசி வரி வரைக்கும் படியுங்கள்.

நான் வேலை பார்க்கும் பண்ணை விடுதிக்கு டொனாட்டா என்று ஒரு அம்மாள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவார். லூக்காவில்தான் வீடு. புதுப் பழக்கம், ஆனால் என்மேல் ரொம்பப் பிரியம். நான் யாங்கோன்காரி என்று தெரிந்ததும், ஜனவரியில் தான் அங்கே போய் வந்ததாகச் சொல்லி போனில் படம் காட்ட ஆரம்பித்தார். ஷ்வேடகோன் கோயில், ஆற்றுக்கு அக்கரை டாலாவுக்குப் போகிற படகு, இன்சீன் போகிற வட்ட ரயில். நானும் ஊர் ஞாபகத்தில் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த படத்தில் நீங்கள். பச்சைக் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிப்பு.

"தங்கமான மனுஷன். எங்களைவிட நன்றாக இத்தாலியன் பேசுகிறான். பாவம், பெண்டாட்டி செத்துப்போய்விட்டாள்" என்றார் டொனாட்டா.

எப்படிச் செத்தாள் என்று கேட்டேன். டாலாவில் பாம்பு கடித்ததாம். இக்கரைக்குக் கொண்டுவர படகு கிடைக்காமல் ஆற்று நடுவிலேயே உயிர் போனதாம். இதைச் சொல்லும்போது நீங்கள் ஆற்றைப் பார்த்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டீர்களாம். நானும் வழிகாட்டிதான். வெயிலில் வியர்வையைத் துடைத்தால் பயணிகளுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கும் தெரியும்.

கதை இதோடு முடியவில்லை. அந்த மகராசியின் ஆத்மாவுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று சொல்லி என்னைத் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். அவருக்குக் கை நடுக்கம். அதனால் மெழுகுவர்த்தியை நான்தான் பிடித்தேன். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கொடுப்பினை கிடைத்திருக்காது. நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

டாலாவில் போய் நான் சாக வேண்டுமா? அந்த ஊரில் நான் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் இருந்தது கிடையாது. இரக்கப்பட்டு அன்பளிப்பைக் கூட்டிக் கொடுப்பார்கள் என்றுதானே இந்த வேலை?

இன்னொரு சங்கதி. அக்டோபரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. மேற்கொண்டு இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று முதலாளியம்மா கேட்கிறார். ஆகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இருந்தேன். செத்தவள் யாரைக் கேட்க வேண்டும்?

விஜயகுமாரி (அமரர்)


யாங்கோன், லான்மடாவ்
ஜூன் 3

அன்புள்ள குமாரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வழக்கமான டீக்கடையில் வைத்துத்தான் பிரித்தேன். எதிரே நம் ஜமால், அவனுக்கும் அன்று கூட்டிப்போகப் பயணி இல்லை, உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினான். என் பெண்டாட்டி செத்துவிட்டாள், அவளே எழுதியிருக்கிறாள் என்றேன். அதற்குப் பிறகு அவன் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைக்காரர் வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் பாம்பு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாம்பு என்று ஆரம்பிக்கவே இல்லை. காய்ச்சல் என்றுதான் சொன்னேன். அந்த அம்மாள் விடவில்லை. என்ன காய்ச்சல், எத்தனை நாள், என்ன மாத்திரை, ஒரு வேளைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனார். மருந்துக்கடை வைத்திருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. படகு டாலா கரையை நெருங்கிக்கொண்டிருந்தது, வாயில் பாம்பு வந்துவிட்டது. பாம்பைப் பற்றி அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

பயணி கேட்டதற்குத் தெரியாது என்று சொல்லாதே, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே சொல் என்பது நம் தொழில். ஆலமரத்தில் இருந்த பள்ளம் யானை முதுகு தேய்த்ததால் வந்தது என்று நீ அவிழ்த்துவிட்டதை ஜமால் இன்றைக்கும் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்பளிப்புக்காக நான் சொல்லவில்லை. அதை மட்டும் நீ எழுதியிருக்கக் கூடாது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரு வரன் வந்திருக்கிறது.

உன் டொனாட்டா எனக்கு ஈமெயில் அனுப்பியிருக்கிறார். தனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாளாம். என் ஊர், என் மொழி, என் தொழில். நாற்பது வயதுக்குள் இருக்கும். துணை இல்லாமல் தனியாகக் கஷ்டப்படுகிறாளாம். கொஞ்சம் கோபக்காரி, சமையல் பரவாயில்லை, ஆனால் மனசு சுத்தம் என்று எழுதியிருக்கிறார். துக்கத்திலேயே எத்தனை நாள் இருப்பீர்கள், காலஞ்சென்ற உங்கள் மனைவியும் இதைத்தான் விரும்புவாள் என்று எனக்கு ஆறுதல் வேறு. படமும் வைத்திருக்கிறார். திராட்சைக் கொடிக்குப் பக்கத்தில் நீ நிற்கிறாய். ஜமால் பார்த்துவிட்டு, பெண் உன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறாள், யோசிக்காமல் சரி என்று சொல்லிவிடு என்றான்.

நானும் சிரித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கழுத்தில் ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று இருந்ததாக எழுதியிருக்கிறாய். போன தடவை கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாய். நானும் வருவதாகச் சொன்னால் பெட்டி தூக்குகிற வேலை வாங்கித் தரலாம் என்றாய். இந்த ஊரில் ஒவ்வொரு சந்துக்கும் கதை சொல்லத் தெரிந்தவன் நான். அதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே மழை பிடித்துவிட்டது. ஒரு பயணியும் இல்லை. டொனாட்டாவுக்கு என்ன பதில் எழுதட்டும்?

மாரி


லூக்கா
ஜூன் 24

மாப்பிள்ளைக்கு,

டொனாட்டாவுக்கு நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் கோபக்காரியாம், சமையல் பரவாயில்லையாம். நான் வைத்த மீன் குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுதியிருக்கிறார்.

கழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்கு இங்கே வருகிற கூட்டம் பாதிக்குமேல் தமிழர்கள். சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர். தமிழில் விளக்கம் கிடைக்கும் என்றுதான் எங்கள் விடுதிக்கு வருகிறார்கள். நல்ல ஜனங்கள். உப்பில்லாத ரொட்டியில் இட்லிப்பொடி தூவிச் சாப்பிட முதலாளியம்மாவுக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். தோள் மூடாமல் தேவாலயத்துக்கு வராதீர்கள் என்று இங்கே மற்றவர்களுக்குத் தொண்டை கட்டும்வரை சொல்ல வேண்டும். நம்மவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு செருப்பையும் கழற்றிவிடுவார்கள். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதுதான் என் வேலை. சாயங்காலம் நாலு மணிக்குப் பால் காபி கேட்பார்கள். காலையில் குடிக்க வேண்டியதை இப்போது கேட்கிறார்களே என்று கடைக்காரர் என்னை முறைப்பார். நான் நாலு பக்கமும் சிரித்துச் சமாளிப்பேன்.

ஆனால் பேருந்தில் ஏறிய முதல் நாளே யாராவது ஒரு அம்மாள் என் தாலியைப் பார்த்துவிடுவார். மாப்பிள்ளை எங்கே, ஏன் கூட வரவில்லை, சண்டையா, பிள்ளை இல்லை என்பதாலா? இரண்டாம் நாள் அது பேருந்து முழுக்கப் பரவிவிடும். மூன்றாம் நாள் பீசா கோபுரத்துக்கு அடியில் நிற்கிறோம், கோபுரத்தை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். அன்று இரவு கழற்றிப் பெட்டியில் வைத்தேன். டொனாட்டா அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்தார். தனியாளா என்று கேட்டபோது நான் இல்லை என்று சொல்லவில்லை. அது தப்புதான். ஆனால் நான் உங்களைக் கொல்லவில்லை.

அந்தப் பெட்டி வேலை விஷயம். நான் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. இங்கே உள்ளே போய் விளக்கம் சொல்ல உரிமம் வேண்டும். எனக்கே கிடையாது. தேவாலய வாசலில் வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்து ஆட்களை உள்ளே அனுப்பிவிட்டு, நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். நானும் இங்கே கௌரவத்தோடு ஆரம்பிக்கவில்லை.

காய்ச்சல், பாம்பு எல்லாம் இருக்கட்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்? ஏன் என்னைச் சாகடித்தீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். யானைக் கதை வேண்டாம். இனிமேல் கேட்கிறவர்களிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

குமாரி


யாங்கோன்
ஜூலை 14

அன்புள்ள குமாரி,

இனிமேல் நான் சொல்லாவிட்டாலும் ஊருக்கே தெரிந்துவிட்டது. உன் அம்மா பார்த்துக்கொண்டார்.

வருடம் தவறாமல் வரும் அந்த நான்கு தாய்லாந்து அம்மாள்களை உனக்கு நினைவிருக்கும். வாசோ பௌர்ணமிக்கு, மழையென்றும் பாராமல், துறவிகளுக்குத் துவராடை கொடுக்க வந்தார்கள். போன வருடம் அவர்களிடமும் நீ இல்லை என்று சொல்லித் தொலைத்திருந்தேன். இந்த முறை, மனைவி பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். இன்சீன் என்றேன். அதை மட்டுமாவது உண்மையாகச் சொல்லலாமே என்று சொன்னேன். அந்த உண்மைதான் என்னைக் கவிழ்த்தது.

அவர்கள் எனக்குத் தெரியாமல் இன்சீன் சந்தைக்குப் பக்கத்து மடத்தில் உன் பெயரில் அன்னதானம் ஏற்பாடு செய்துவிட்டு, அன்று என்னையும் அங்கே கூட்டிப்போனார்கள். இந்த ஊர் வழக்கம் தெரியும்தானே, தானம் யார் பெயரில் என்று ஒலிபெருக்கியில் வாசித்து, நீர் ஊற்றிப் புண்ணியத்தைப் பங்கிடுவார்கள். மாரிச்சாமியின் மறைந்த மனைவி விஜயகுமாரி என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்கள். கூட்டம் "சாது, சாது" என்றது. அத்தை அப்போது எதிரே முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு திரும்பினேன். அத்தை, கையில் முருங்கைக்காயோடு, மடத்து வாசலில் நின்றார்.

"நேத்து ராத்திரிதானய்யா எங்கிட்ட போன்ல பேசுனா. எப்பய்யா செத்தா என் மக?"

அவ்வளவுதான் கேட்டார். தாய்லாந்து அம்மாள்களுக்குத் தமிழ் தெரியாது. பாவம், தாயும் துக்கத்தில் இருக்கிறாள் என்று ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அத்தை அவர்களைத் தட்டிக்கொடுத்துச் சமாதானம் செய்து, உட்கார வைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஊர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. தனியாகக் கேட்டதை நான் எழுதப்போவதில்லை. நீ போனில் கேட்டிருப்பாய்.

கடைசியில் நானே அந்த அம்மாள்களிடம் உண்மையைச் சொன்னேன். தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவர்களில் மூத்தவர், சரி, உயிரோடு இருப்பவள் பெயரிலும் தானம் செய்யலாம், அது அவளுக்கு ஆயுளாகச் சேரும் என்றார். உனக்கு இப்போது ஆயுள் கூடியிருக்கிறது.

ஏன் என்று கேட்டாய். யானைக் கதை இல்லாமல் சொல்கிறேன்.

நீ போன புதிதில் உண்மையைத்தான் சொன்னேன். மனைவி இத்தாலியில் இருக்கிறாள் என்றேன். எல்லாப் பயணியும், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், அடுத்து ஒரே கேள்விதான் கேட்டான். எப்போது வருவாள்? நீ ஒன்றும் சொல்லாமல் போனாய், நானும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்து தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. ஷ்வேடகோனில் எத்தனை மணி தொங்குகிறது என்று கேட்டால்கூடத் தெரியாது என்று சொல்லாதவன் நான். ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு தடவை, என் பெண்டாட்டி எப்போது வருவாள் என்று எனக்குத் தெரியாது என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்துவிட்டாள் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அவ்வளவுதான் குமாரி. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாரி


லூக்கா
ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

அம்மா போன் செய்தார். அரை மணி நேரம் உங்களைத் திட்டிவிட்டு, அடுத்த அரை மணி நேரம், ஆள் இளைத்துப்போய்விட்டான், வாரம் இரண்டு நாள் இங்கே வந்து சாப்பிடச் சொல்லியிருக்கிறேன் என்றார். திட்டு முழுவதும் கடைசியில் எனக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைத் தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். என் கூட்டம் உள்ளே இருந்தது. அவர்கள் வெளியே வருவதற்குள் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த ஊர் நாற்சந்திகளில் குடிதண்ணீர்க் குழாய் இருப்பது எவ்வளவு வசதி என்று பயணிகளுக்குச் சொல்வேன். அன்று எனக்கே பயன்பட்டது.

நீங்கள் கேட்காததால்தான் நான் சொல்லவில்லை. எப்போது வருவாய் என்று நீங்கள் ஒரு தடவை கேட்டிருந்தால், அழுதுகொண்டாவது ஒரு தேதி சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லையே, போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டீர்கள் என்று இருந்தேன்.

இப்போது நான் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லப் பயமாக இருக்கிறது, அதனால் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. கொரோனாவுக்கு அப்புறம் அங்கே ஒரு பயணிக்காக நீங்களும் நானும் ஜமாலும் ஹோட்டல் வாசலில் காத்துக்கிடந்தோமே, அந்த மாதிரி மறுபடி காத்திருக்க என்னால் முடியாது. இங்கே காலையில் எழுந்தால் போவதற்கு இடம் இருக்கிறது. ஊரைச் சுற்றியிருக்கும் அகலமான கோட்டைச் சுவர்மேல் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சேலை கட்டிய அம்மாள்களையும் ஓட்ட வைக்கிறேன். ஒருத்தர் விழுந்தார், எழுந்து மறுபடி ஓட்டினார். அந்தச் சந்தோஷத்தை என்னால் விட முடியவில்லை.

நீங்கள் இல்லாமல் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். மாத முடிவுக்குள் முதலாளியம்மா பதில் கேட்கிறார். அவருக்கு ஆள் வேண்டும், இல்லையென்றால் வேறொருத்தியை எடுத்துவிடுவார். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் விடுதியை மூடிவிட்டாலும் ஆள் கையில் இருக்க வேண்டும் என்கிறார்.

நான் என்ன செய்ய? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

குமாரி

பி.கு.: தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மதுரையிலிருந்து வந்த கூட்டம் கேட்டது. கணவர் யாங்கோனில் பெரிய வழிகாட்டி, எனக்கு முன்னாலிருந்தே தொழிலில் இருப்பவர் என்றேன். எப்ப வருவார் என்று கேட்டார்கள். இப்போது புரிகிறது.


யாங்கோன்
ஆகஸ்ட் 15

குமாரி,

இந்தக் கடிதம் மாத முடிவுக்குள் உன் கையில் சேர வேண்டும். பாங்காக் போகும் ஒருவர் வழியாக விமானத்திலேயே அனுப்புகிறேன். இந்த முறை கதையைச் சுருக்கப் பார்க்கிறேன்.

உன் கடிதத்தை மழைக்குள் டீக்கடையில் உட்கார்ந்து படித்தேன். மே மாதத்திலிருந்து அதே மேசைதான். வெளியே தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், சைக்கா ரிக்ஷா ஓட்டுகிறவர்கள்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டார்கள். ஜமால் உன் கடிதத்தில் ஒரு வரியை மறுபடி படிக்கச் சொன்னான். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் விடுதி மூடியிருக்கும் என்ற வரி.

பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நமக்கு இங்கே ஆள் வருவதே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரைக்கும்தான். குளிரில் வந்துவிட்டு, வெயில் ஏறினால் போய்விடுவார்கள். மே வந்தால் மழை, நான் டீ குடிக்கத்தான் லாயக்கு. உனக்கு அங்கே அப்போதுதான் கூட்டம். எத்தனையோ வருடமாகப் பயணிகளுக்கு எந்த மாதத்தில் எந்த ஊருக்குப் போகலாம் என்று ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறோம். நம் இரண்டு பேருக்கும் அதைச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடாதே. வேலையையும் விடாதே. அவர்கள் பருவத்துக்கு மட்டும் இருக்கிறேன் என்று கேள். மூடிய விடுதிக்கு ஆள் எதற்கு? விடுதி மூடியதும் இங்கே வா. வசந்தத்தில் திரும்பிப் போ. மழை பிடித்ததும் நான் அங்கே வருகிறேன். விசா கேட்பேன். தரவில்லையென்றால் அடுத்த மழைக்கு மறுபடி கேட்பேன்.

என்ன வேலை தருவார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பெட்டி என்றால் பெட்டி. இத்தனை வருடம் எனக்குப் பின்னால்தான் ஆட்கள் நடந்திருக்கிறார்கள். யார் பின்னாலும் நடந்து எனக்குப் பழக்கம் இல்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் உன் பின்னால் நடப்பேன். நீ வாசலில் நின்று சொல்வதைக் கேட்டுவிட்டு, ஆட்கள் உள்ளே போனதும் உன்னோடு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன்.

எப்போது வருவாய்?

மாரி


லூக்கா
செப்டம்பர் 2

என்னங்க,

கடிதம் இருபத்தொன்பதாம் தேதி கிடைத்தது. படித்த கையோடு முதலாளியம்மாவிடம் போனேன். முடியவே முடியாது என்றார். குளிர்காலத்தில்தான் அடுத்த பருவத்துக்கு இடம் கேட்டுத் தமிழர்கள் எழுதுவார்கள், அவர்களுக்கு யார் பதில் எழுதுவது என்றார். யாங்கோனிலிருந்து நான் எழுதுகிறேன் என்றேன். அங்கே கரண்ட் இருக்குமா என்று கேட்டார். இருக்கும்போது எழுதுகிறேன் என்றேன். நல்ல வேளையாக அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதங்களுக்குச் சம்பளத்தில் பாதி வெட்டிவிட்டார், பரவாயில்லை. பருவத்துக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அடுத்தது டொனாட்டா. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்தார். அந்த யாங்கோன் மாப்பிள்ளை ஏன் பதிலே போடவில்லை என்று கேட்டார். நான் தாலியை வெளியே எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். பாம்பு கடித்தது நான்தான் என்றேன்.

டொனாட்டா முள்கரண்டியைக் கையில் எடுத்தார். தட்டில் இருந்ததைக் குத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் தலையை நிமிர்த்தி, "அப்படியானால் என் மெழுகுவர்த்தி யாருக்குப் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டார். அது ஒன்றுதான் அவருக்கு வருத்தம். வேறு யாராவது கேட்பாரில்லாத ஆத்மாவுக்குப் போயிருக்கும் என்றேன். ஒத்துக்கொண்டார். மற்றபடி தான் பார்த்த வரன் சரியான வரன் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. ஊரெல்லாம் சொல்லிவிட்டார். உங்கள் விசாவுக்கு அழைப்புக் கடிதம் தானே எழுதித் தருகிறாராம். அதில் நீங்கள் யாருக்கு என்ன உறவு என்று எப்படி எழுதுவது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் பெட்டி தூக்க வேண்டாம். வருகிற கூட்டத்தில் பெரியவர்கள் மேட்டில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களோடு இருந்து கதை சொல்ல எனக்கு ஆளில்லை. முதலாளியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். யானைக் கதையைக்கூடச் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் மருந்துக்கடை வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எத்தனையோ விஷயம் எழுதிவிட்டேன், நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில் வருகிறேன்.

குமாரி


யாங்கோன்
செப்டம்பர் 20

என் குமாரிக்கு,

இன்றைக்கு ஜமாலுக்குக் காய்ச்சல், அதனால் அவனுடைய ஆட்களை நான் கூட்டிப்போனேன். பினாங்கிலிருந்து வந்த ஒரு கணவன் மனைவி, நம்மவர்கள்தான். மழை விட்டிருந்தது. ஷ்வேடகோனுக்கு அழைத்துப்போய், செருப்போடு காலுறையையும் கழற்றச் சொல்லி, பளிங்குத் தரை வழுக்கும், பார்த்து வாருங்கள் என்று வழக்கமானதையெல்லாம் சொன்னேன். கீழ்ப்படிக்கட்டில் ஏறும்போதே அந்த அம்மாள், உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா தம்பி என்று கேட்டார். ஆகிவிட்டது, மனைவி இத்தாலியில் வேலை பார்க்கிறாள் என்றேன்.

"எப்ப வர்றாங்க?" என்றார்.

நவம்பர் ஒன்பது, காலையில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்த விமானம், எங்கே மாறி வருகிறாய், நீ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது, அம்மாள்களை ஓட்ட வைப்பது, உப்பில்லாத ரொட்டி, அத்தை உனக்காக இப்போதே கருவாடு தேடுவது என்று வாய் போய்க்கொண்டே இருந்தது. மேலே ஏறி, கோயிலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி ஏறின வாசலுக்கே வந்துவிட்டோம். அப்புறம்தான் பார்க்கிறேன். ஷ்வேடகோனைப் பற்றி அவர்களிடம் நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள், மறுபடி முதலிலிருந்து சுற்றலாம் என்றேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே, வேண்டாம் தம்பி, கோயில் எங்கேயும் போய்விடாது, நீங்கள் அவங்களைப் பற்றியே சொல்லுங்கள் என்றார். இன்னொரு சுற்றுப் போனோம்.

மாரி